பிஷப் எந்தக் காலில் இறங்குகிறான்

எங்கள் பக்கத்தில் எந்தக் குதிரைக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆவதில்லை. அதுவரை வருடத்துக்கு ஒரு வயது ஒழுங்காக ஏறும். அப்புறம் நின்றுவிடும். யாராவது கேட்டால் "பன்னெண்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். கேட்டவரும் வானத்தைப் பார்ப்பார். இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அயர்லாந்தில், கால்வேயின் இந்தக் கோடியில் இது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

பிஷப் பன்னிரண்டு வயதில் ஏழு வருடமாக இருந்தான்.

கரும்பழுப்பு உடம்பு, கழுத்தடியில் பாதிரியார் காலர் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பட்டையால் வந்த பெயர்தான் பிஷப். ஆனால் பட்டை இல்லாமலே அந்தப் பெயர் வந்திருக்கும். தீவன வாளி தாமதமானால், பூசைக்குப் பிந்தி வந்தவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாளியை வைப்பேன். அவனிடம் என்னால் பேச முடியும். மற்றவர்களிடம் முடியாது.

பள்ளிக்கூடத்தை நான் பதினைந்தில் விட்டேன். யாரும் துரத்தவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் குரல் எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் நானும் அதைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அப்புறம் திரும்பிப் போகவில்லை. கடைக்குப் போனாலும் ரொட்டி அலமாரிக்குப் பின்னால் நின்று, தெரிந்தவர்கள் எல்லாம் போன பிறகே சாமானை எடுத்துக்கொண்டு வருவேன். ஒருமுறை அப்படி நின்றதில் என்னை உள்ளே வைத்துக் கடையைப் பூட்டிவிட்டார்கள். கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் யாராவது வந்து என்ன என்று கேட்பார்களே என்று தட்டவில்லை.

ஆனால் பிஷப்பின் முதுகில் ஏறிவிட்டால் கதை வேறு. ஒலிபெருக்கியில் எங்கள் பெயரைச் சொல்வார்கள். மணி அடிக்கும். அவன் காதை முன்னால் நீட்டுவான், தடைகள் ஒவ்வொன்றாக எங்கள் வயிற்றுக்கடியில் போகும், ஜனங்கள் கை தட்டுவார்கள். நான் வாயே திறக்க வேண்டாம். கண்காட்சித் திடலில் என்னைக் கண்டால், "பிஷப்போட பொண்ணு வருது" என்று வழிவிடுவார்கள். உலகத்தில் எனக்குக் கிடைத்திருக்கிற ஒரே பட்டம் அது. அவன் தாண்டுவதை நிறுத்தினால் நான் வெறும் பொண்ணு. யாருடைய பொண்ணு என்று ஜனங்கள் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால், வசந்தத்தில் அவன் கால் தட்டித் தடைகளின் கட்டைகள் விழ ஆரம்பித்தபோது, அவன் வயதைப் பற்றி நினைக்காமல் இருக்க மற்ற எல்லாரையும்விட நான்தான் அதிகம் பாடுபட்டேன்.

முதலில் ஒரு போட்டியில் ஒரு கட்டை. அடுத்ததில் இரண்டு. குதிரைக்காரர்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சேணத்தைச் சந்தேகிக்க வேண்டும். சேணக்காரர் வந்து உள்ளே கம்பளி வைத்துத் தைத்துக் கொடுத்தார். பிறகு பல்லைச் சந்தேகிக்க வேண்டும். ஒருவர் வந்து பிஷப்பின் வாயில் முழங்கை வரை கையை விட்டு அரம் போட்டார். பிறகு லாடம். பிறகு முதுகு. கடைசியில் கால்நடை மருத்துவர் வந்து இடது முன்னங்காலைத் தூக்கி, மடக்கி, கீழே விட்டு, "இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். என் அம்மா அட்ராக்டா அதில் "நல்லாத்தான் இருக்கு" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டார். மீதியை முற்றத்திலேயே விட்டுவிட்டார். நானும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

அம்மாவின் தம்பி ஜார்லத், லாயத்துக்கு அடுத்த வீட்டில் இருப்பவர், வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தார். குதிரையிடம் இதுவரை ஆராயாமல் விட்ட உறுப்பு ஒன்றுதான், அது முதுகுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது என்றார். அது நான்தான்.

மருத்துவரும் போன பிறகு மிச்சம் இருந்தது பெஸ்டி கோய்ன்.

சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெஸ்டியிடம் சுளுக்குக்கு மருந்து இருந்தது. மருந்து என்றால் புட்டியில் இருப்பதில்லை. அவர் கையில் இருப்பது, அவருடைய அப்பாவின் கையிலிருந்து வந்தது. காலைப் பிடித்து, குனிந்து, உதட்டுக்குள் ஒரு ஜெபம் சொல்வார். மனுஷனுக்கும் அதே, மாட்டுக்கும் அதே. இரண்டே நிபந்தனை. காசு கொடுக்கக் கூடாது. நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் மருந்து முறிந்துவிடும். இது எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்.

என் கஷ்டம் என்னவென்றால், அந்நியர்களிடம் நான் பதறாமல் சொல்லக்கூடிய வார்த்தை "நன்றி" ஒன்றுதான். அதைச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும், நான் தப்பித்து ஓடலாம். வருடக்கணக்காக அதை வைத்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிஷப்பைக் கொண்டுபோன அன்று பெஸ்டி ஜெபத்தை முடித்து, முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து, என்னை நேராகப் பார்த்துத் தலையசைத்தார். யாராவது நேராகப் பார்த்தால் என் வாய் தானாக வேலை செய்யும்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். காரில் பாலம் தாண்டியதும்தான் அம்மா வாய் திறந்தார்.

"பத்தொம்பது வருஷமா உன்னை ஒரு வார்த்தை பேச வைக்க நான் படாத பாடு பட்டேன். பேசறதுக்கு உனக்கு இந்த இடம்தான் கெடைச்சுதாடி?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் கோவில் பங்கு முழுவதும் செய்தி பரவிவிட்டது. அன்றிலிருந்து விழுந்த ஒவ்வொரு கட்டையும் என் நன்றியால் விழுந்தது. கோவிலிலிருந்து வெளியே வரும்போது ஒருவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்ல வேணாம்மா" என்றார். ஜார்லத் மாமா யாரிடமாவது ஏதோ பேச ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, வாய்மேல் விரலை வைத்துக் காட்டுவார். எனக்குக் காது வரை சுடும். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. கட்டை விழுவதற்குக் காரணம் என் முட்டாள்தனம் என்றால், பிஷப் கிழவன் ஆகவில்லை என்று அர்த்தம். முட்டாளாக இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருப்பேன்.

ஆகஸ்டில் வட்டாரக் கண்காட்சி. மாடு, ஆடு, கேக், ஜாம் எல்லாம் முடிந்து மாலையில் சுவர்ப் போட்டி. இரண்டு சாதாரணத் தடைகள், மூன்றாவதாகச் சிவப்பு வண்ணம் அடித்த மரக்கட்டைகளை அடுக்கிய சுவர். தாண்டத் தாண்ட உயர்த்திக்கொண்டே போவார்கள். கடைசியில் மிஞ்சுகிற குதிரைக்கு வெற்றி. மிஞ்சுவது பிஷப்தான் என்பது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டிருந்தது. அதற்கு முன் அம்மா தனியாக பெஸ்டியிடம் போய்வந்தார். என்ன பேசினாரோ, எப்படிக் கெஞ்சினாரோ, மறுபடி மருந்து வைக்க அவர் ஒப்புக்கொண்டார். இந்த முறை குதிரையை டிரெய்லரிலிருந்து இறக்கிய அம்மா, என்னைக் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் பாதுகாப்புக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே பிஷப் குணமாகிவிட்டான். போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று.

அந்த வாரத்தில் ஒரு மாலை, வீட்டுத் திடலில் அவனை லேசாக நாலு தடை தாண்ட வைத்தேன். எல்லாம் சுத்தமாகத் தாண்டினான். இரவு மழை பெய்தது. காலையில் கட்டைகளை எடுத்து அடுக்கப் போனபோது, ஒவ்வொரு தடைக்கு அப்பாலும், அவன் இறங்கிய இடத்தில், ஒரு குளம்புத் தடம் மட்டும் ஆழமாகக் குழிந்து தண்ணீர் நிறைந்திருந்தது. மற்றத் தடங்கள் மேலாகத்தான் பதிந்திருந்தன. முதலில் அது அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். வானம் அதில் தெரிந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

நாலாவது தடையிலும் அதே குழியைப் பார்த்தபோதுதான் குனிந்தேன். பிஷப்பின் வலது முன்குளம்பு கொஞ்சம் அகலம். நாலு குழியும் வலது.

தாண்டி இறங்கும்போது குதிரை முதலில் ஒரு முன்காலைத் தரையில் ஊன்றும். உடம்பின் பாரம் முழுவதும் முதலில் அதன்மேல் விழும். அடுத்த கால் அப்புறம் லேசாக வந்து சேரும். நல்ல குதிரை திருப்பத்துக்குத் தகுந்தபடி காலை மாற்றி மாற்றி இறங்கும். இவன் மாற்றவில்லை. இடது காலுக்குப் பாரம் போகாமல் ஒவ்வொரு முறையும் வலதாலேயே வாங்கியிருக்கிறான்.

வலதுகாலில் இறங்குகிற குதிரை இடப்பக்கம் சுலபமாகத் திரும்பும்.

இதை நினைத்ததும் எனக்கு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஏனென்றால் பிஷப்பின் இடப்பக்கத் திருப்பம் எங்கள் வட்டாரத்தில் பேர் போனது. நேரம் பார்க்கும் போட்டிகளில் தடை தாண்டி, கால் தரையில் பட்ட கணமே, கத்தியால் வெட்டினது போல இடப்பக்கம் திரும்புவான். அந்தத் திருப்பத்தைக் கற்றுக் கொடுத்தது நான் என்று நினைத்திருந்தேன். இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து, இடது முழங்காலைத் தளர்த்தி நானே கண்டுபிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பழகியிருக்கிறேன். இரண்டு வருடமாக அந்த நுணுக்கத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். வலப்பக்கம் அவன் சரியாகத் திரும்பாததற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. சில குதிரைகள் இடதுகைப் பழக்கம் உள்ளவை என்று.

ஒரு குதிரை கால் வலிக்கிறது என்று இரண்டு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்குக் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதும் நம்ப மனம் வரவில்லை. அவனைக் கொண்டுவந்து ஏறி, ஒரு சின்னத் தடையை வலப்பக்கத் திருப்பம் வரும்படி அமைத்து, இடது காலில் இறங்கச் சொன்னேன். காலால் தொட்டுக் கேட்க ஒரு விதம் உண்டு. கேட்டேன். அவன் காது ஒருமுறை பின்னால் வந்தது. சரி, இவள் கேட்கிறாள் என்பது போலக் காற்றிலேயே காலை மாற்றி இடதில் இறங்கினான். பின்னால் கட்டை விழுகிற சத்தம் கேட்டது. அவன் மூக்கு ஏறக்குறைய தரையைத் தொட்டு எழுந்தது. பிறகு தலையை உயர்த்தி அடுத்த தடையைத் தேடினான்.

அதுதான் என்னைக் கொன்றது. அவன் அடுத்ததைத் தேடினான்.

இனி அவன் தாண்டக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம். அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். சமையலறையில் இரண்டு முறை வாயைத் திறந்தேன். முதல் முறை, "இன்னும் ரொட்டி வேணுமா?" என்றார் அம்மா. வேண்டும் என்றேன். இரண்டாவது முறையும் ரொட்டிதான் வந்தது. என் நன்றியைச் சரிக்கட்ட பெஸ்டியின் வாசலில் நின்ற அம்மாவிடம், மருந்தும் வீண், அலைச்சலும் வீண், குதிரைக்குத் தேவை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.

போட்டி அன்று மாலை நான் என்ன செய்தேன் என்று நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. சமையலறையில் ஒரு ஆளிடம் சொல்லப் பயந்து, திடலில் அத்தனை ஜனத்துக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று குதிரை ஏறி உள்ளே போனேன். திட்டம் எளிமையானது. நடுவர் முன்னால் போய், கையைத் தூக்கி, விலகிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாக நடந்து வெளியே வர வேண்டும். கம்பீரம் என்ற சொல்லை நான் நிஜமாகவே நினைத்துக்கொண்டேன்.

நடுவர், ஓய்வுபெற்ற தபால்காரம்மா கன்செப்டா ருவேன், வண்டிமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். பிறகு மணியடித்துவிட்டார்.

மணிச் சத்தம் கேட்டதும் பிஷப்பின் முதுகு எனக்கடியில் வில் மாதிரி வளைந்தது. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னால் முடிந்த குரலில் சொன்னேன்.

"என்னம்மா? காதுல விழல."

மறுபடி சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த ஒலிபெருக்கிக்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் பாட்டை நிறுத்தினார். திடல் முழுக்க அமைதியாகிவிட்டது. அதற்குள் நான் மூன்றாவது முறை, கண்ணை மூடிக்கொண்டு, முழு மூச்சையும் திரட்டிக் கத்த ஆரம்பித்திருந்தேன்.

"அவனுக்குக் கால் வலிக்குது. இனிமே தாண்ட மாட்டான்."

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. ஆட்டுக் கொட்டகைப் பக்கமிருந்துகூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிஷப் புறப்பட்டான்.

மணியடித்தும் நின்றுகொண்டிருப்பது அவனுக்குப் பழக்கமில்லை. கத்துவதற்காக நான் கடிவாளத்தைத் தளர்த்தியிருந்தேன், அது அவனுக்குப் போதும். முதல் தடையை அப்படி ஓர் உயரத்தில் தாண்டினான், நான் சேணத்திலிருந்து கழுத்துக்கு வந்துவிட்டேன். ஜனங்கள் சிரித்துக் கை தட்டினார்கள். இனிமே தாண்ட மாட்டானாம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இரண்டாவது தடையில் என் ஒரு கால் அங்கவடி வளையத்தை விட்டுக் கழன்றது. வலது காலில் இறங்கினான். முன்னால் சுவர்.

இழுத்தால் நிற்க மாட்டான். அவனுடைய பலத்துக்கு முன் நான் ஒரு பை. அப்போதுதான் இடுப்பை வலப்பக்கம் திருப்பினேன், வலது கடிவாளத்தை முழங்காலுக்குக் கொண்டுவந்தேன், அவனுக்குப் பிடிக்காத பக்கம், இடது காலில் பாரம் போகும் பக்கம். அவனுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். பாய்ச்சல் உடைந்தது. ஓட்டமாயிற்று, தடுமாறிய நடையாயிற்று. சுவரின் சிவப்புக் கட்டைகளுக்குப் பக்கவாட்டில், என் கால் உரச, நின்றான். காதுகள் பின்னால் படுத்திருந்தன. மூச்சு முட்டியது அவனுக்கு. என் முகம் அவனுடைய பிடரியில் இருந்தது, அதற்குக் காரணம் பாசம் இல்லை, விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது ஜார்லத் மாமா வாசல் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "நல்ல ஓய்வு மருமகளே. இன்னொரு தடவை ஓய்வு எடுத்தா சுவரையே தாண்டிருவான்" என்றார்.

அம்மா டிரெய்லர் வரை எங்களோடு நடந்தார். அங்கே குனிந்து பிஷப்பின் இடது முன்காலை இரண்டு கையாலும் மேலிருந்து கீழே தடவினார். பாதியில் கை நின்றது. அங்கே சூடு இருந்திருக்கும். நிமிராமலே கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மழை பெஞ்ச அன்னிக்குக் காலைல."

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"உங்கிட்ட சொல்றதைவிட இவங்க எல்லார்கிட்டயும் சொல்றது சுலபமா இருந்துச்சும்மா."

அம்மா அந்தக் காலிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு வசந்தத்துலயே தெரியும்டி" என்றார். "நீ என்ன ஆயிடுவியோன்னுதான் சொல்லல..."

பிஷப் யாரையும் பார்க்காமல் புல்லைக் கடித்தான். எனக்கு முதுகைக் காட்டி நின்றான். பல நாள் அப்படித்தான். நான் கேரட் கொண்டுபோனால் தொட்டியில் போடும் வரை காத்திருந்து, நான் போன பிறகு தின்பான். யாராவது டிரெய்லரை நகர்த்தினால் வேலியோரமாக ஓடிவந்து கனைப்பான். அவனுக்கு நான் நல்லது செய்தேன் என்று அவன் ஒருநாளும் நினைக்கப்போவதில்லை. அவனுடைய கணக்கில் நான் அவனை ஒரு சுவர் முன்னால் அவமானப்படுத்தினவள்.

மருத்துவர் மறுபடி வந்தார். காலைக் கட்டி, முதலில் ஓய்வு, அப்புறம் தினமும் ரோட்டில் நடை என்றார். ஏறாமல், கூட நடக்க வேண்டும். தாண்டுதல் இல்லை, எப்போதுமே இல்லை. இந்த முறை அம்மா முழு வாக்கியத்தையும் கேட்டுக்கொண்டார்.

இந்த நடையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பாய்ச்சலில் போகிற குதிரைக்காரியிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. நடந்து போகிறவளிடம் எல்லோரும் கொடுக்கிறார்கள். அதுவும் திடலில் கத்தினவளிடம். போதாததற்கு, முதல் நாளே ஒரு வீட்டுக்காரர் பிஷப்புக்கு மிட்டாய் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவன் நிற்கிறான். யாராவது வெளியே வரும் வரை நகர்வதில்லை. வந்தவர் பேசி முடிக்கும் வரையும் நகர்வதில்லை. இழுத்துப் பார்த்தேன். சொன்னேனே, நான் ஒரு பை.

நேற்று மில்லுக்குப் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, கால் எப்படி இருக்கிறது என்றார். பரவாயில்லை என்றேன். தன் காலும் அப்படித்தான் என்றார். எந்தக் கால் என்று நான் கேட்டேன். நானாகவே கேட்டேன். இடதாம். மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைப்பீர்கள் என்றேன். அவர் யோசித்து, வாசற்படியில் ஏறி இறங்கிக் காட்டினார். தூறல் போட ஆரம்பித்தது. பிஷப் அந்த அம்மாவின் சட்டைப்பையை முகர்ந்துகொண்டு அப்படியே நின்றான்.

"உள்ள வந்து தேநீர் குடிச்சிட்டுப் போயேன்" என்றார் அவர்.

"குதிரையைப் பிடிச்சிட்டு நிக்கணுமே" என்றேன்.

"அது எங்கயும் போற மாதிரி தெரியலையே."

போகவில்லைதான். கேட் கம்பியில் கயிற்றைக் கட்டினேன்.